சம்பந்தியின் படம் ஊறிக்கொண்டிருக்கிறது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு, பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும், என் மனைவியும், என் மகளும், தங்கள் மகனும் நலம். நலமில்லாமல் இருப்பது தாங்கள் ஒருவர்தான். தவறாக நினைக்க வேண்டாம். அங்கே தங்கள் வீட்டில் தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும் என்பதே எங்கள் எல்லோருடைய விருப்பம். நான் சொல்வது இங்கே என் பின்பக்க அறையில், பிளாஸ்டிக் தட்டில், தண்ணீருக்கடியில் மல்லாந்து படுத்திருக்கும் தங்களைப் பற்றி.

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. 'படம் என்ன ஆயிற்று? பையன் எப்போது வருகிறான்? அவன் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டானா என்று இங்கே கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?' தாங்கள் காலமெல்லாம் கணக்குத் தணிக்கையில் இருந்தவர். மூன்று வரியில் மூன்று ஆட்சேபணை எழுப்பத் தங்களுக்குத் தெரியும். தண்ணீர் வாரியத்தில் குழாய்களுக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, சுருக்கமாகப் பதில் எழுத வராது. அதிலும் அந்த மூன்றாவது வரியைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் பின்பக்க அறைக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வேறு வியாதி எதுவும் இல்லை.

எல்லாம் என் வாயால் வந்த வினை. கல்யாணத்தன்று தாங்கள் என் பக்கத்தில் அமர்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நானும் பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். சம்பந்தி ஏதாவது நினைத்துக்கொள்வாரே என்று பேச்சை ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் பழைய காலத்து முறையில், எண்ணெய் மையால் போட்டோ அச்சிடுகிறேன் என்றேன். பார்ப்பவர்களுக்கு அது போட்டோவா ஓவியமா என்றே தெரியாது என்றேன். தாங்கள் சிரிக்காமல், "அப்படியா? எங்க ஓய்வூதியர் சங்கத்துல என் படம் ஒண்ணு கேட்டிருக்காங்க. நீங்களே போட்டுக் குடுங்களேன்" என்றீர்கள். நான், "ஒரு வாரம் போதும்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். அதுவரை நான் அச்சிட்டவை எல்லாம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள். தொட்டிக்கு மூக்கு கிடையாது, கொஞ்சம் கோணினாலும் அது கோபித்துக்கொள்ளாது. பிறகு நான் வந்து தங்களைப் படமெடுத்தேன். தாங்களும் என் கேமராவில் ஏதோ வரவு செலவு உதைக்கிறது என்பது போலப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நெகட்டிவ் தயாரானதும் எனக்கு ஒத்தாசைக்கு என்று மாப்பிள்ளை வந்தார், அவரோடு என் மகளும் வந்தாள், படம் முடிந்ததும் இருவரும் படத்தோடு கிளம்புவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் இன்றுவரை எந்த மாற்றமும் இல்லை. படம் முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறையின் தத்துவம் ஒரே வரி: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. காகிதத்தின் மேல் ஜெலட்டின் பூச வேண்டும். வெளிச்சம் பட்டால் அது இறுகும்படி ஓர் ஆரஞ்சு நிற மருந்தை அதில் ஏற்ற வேண்டும். அந்த மருந்து நஞ்சு, அதனால் கையுறை போட வேண்டும், அந்தக் கையுறையோடு நான் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால், வெயில் புகுந்த இடம் இறுகும், புகாத இடம் இளகியே இருக்கும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் இளகிய இடமெல்லாம் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய் மையைத் தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டி வைத்தால், இறுகிய இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், உப்பிய இடம் தள்ளிவிடும். கோட்டு கறுப்பாக வரும், நெற்றி வெள்ளையாக வரும், படம் தயார். புத்தகத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவருக்குச் சம்பந்தி என்று ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

முதல் காகிதத்தில் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். போதுமான நேரம் ஊறவிடாமல் எடுத்துவிட்டேன். தூரிகையை வைத்ததுதான் தாமதம், மை போக வேண்டிய இடம், போகக் கூடாத இடம் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொண்டது. என் மகள் எட்டிப் பார்த்து, "என்னப்பா இது, மாமா கரி மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்காரா?" என்றாள். ஈரப் பஞ்சால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தங்கள் மூக்குக் கண்ணாடியின் மினுமினுப்பு மட்டும் வெளியே வந்து என்னை முறைத்தது. அதற்கு மேல் துடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை முன்வந்தார். "மாமா, ஊறப்போடற வேலையை எங்கிட்ட விடுங்க. காலம் பூரா தண்ணியோட மல்லுக்கட்டினீங்க, இனிமேலாவது ஓய்வா இருங்க" என்றார். எப்பேர்ப்பட்ட குணம் பாருங்கள். இங்கிருந்து அவருடைய லிஃப்ட் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், தங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். ஆனாலும் ஒரு நாள் முகம் கோணியதில்லை. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நேராகப் பின்பக்க அறைக்கு வந்து கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார். தண்ணீர் சில்லென்று இருந்தால் எனக்கு விரல் விறைத்துக்கொள்ளும் என்று பக்குவமாக வெந்நீர் கலந்து வைப்பதும் அவர்தான். தங்கள் வளர்ப்பு அப்படி. அவசரத்தில் ஓரிரு முறை நான் அவரை, "டேய், தட்டை ஆட்டாதேடா" என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையை அப்படிச் சொல்வது மரியாதையில்லைதான், தாங்கள் மன்னிக்க வேண்டும். அவர் மன்னித்துவிட்டார், சிரிக்கக்கூட சிரித்தார்.

ஆனால் பாருங்கள், மாப்பிள்ளை இவ்வளவு கவனித்தும் அடுத்த காகிதத்தில் விபரீதம். தட்டிலிருந்து எடுக்கும்போதே தங்கள் கன்னத்தில் கொப்புளங்கள். ஜெலட்டின் காகிதத்தை விட்டு எழும்பி எழும்பி நின்றது. சரி, முதலில் சம்பந்தியை ஆறவிடுவோம் என்று காகிதத்தைச் சாய்த்து வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கள் இடது காது இடத்தை விட்டுக் கிளம்பி, கழுத்து வழியாக மெல்ல இறங்கி, நெஞ்சில் கோட்டுப் பையருகே வந்து நின்றது. நான் கத்திய கத்தலில் என் மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, அவரு மனசு சொல்றத இவ்வளவு பக்கத்துலயா காத வச்சுக் கேப்பாரு?" என்றாள். அவளுக்கு எதிலும் விளையாட்டு. நானோ மை கெட்டதா, காகிதம் கெட்டதா, வெயில் போதவில்லையா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் எங்கள் குழாய்த் தண்ணீர்மீதே சந்தேகம் வந்து, மாப்பிள்ளை கலந்து வைத்திருந்த தட்டிலிருந்தே கொஞ்சம் மொண்டு பிளாஸ்க்கில் ஊற்றி, என் பழைய இலாகாவின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் ரசாயனர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். "தண்ணி நல்ல தண்ணி சார், ஆனா ஏன் சார் இப்படிச் சுடுது?" என்றார். வெயிலில் நடந்து வந்தேன், அதனால் இருக்கும் என்றேன்.

அடுத்த காகிதத்தில் கொப்புளம் இல்லை. ஆனால் மை கெட்டியாக இருந்ததால் முகத்தில் ஒட்டவே மறுத்தது. மையில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் இளகும், இளகிய மை வெளிர் இடங்களிலும் பிடிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஒரு சொட்டுதான் விட்டேன். மாப்பிள்ளை, "இன்னும் கொஞ்சம் விடலாம் மாமா, தப்பில்ல" என்றார். விட்டேன். முகத்தில் பிடிக்க வேண்டிய மை அதையும் தாண்டி நெற்றிக்குப் போனது, நெற்றியையும் தாண்டி மேலே போனது, சம்பந்தி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, தங்களுக்கு முடி முளைத்துவிட்டது. சாதாரண முடி இல்லை, கருகருவென்று, நடுவில் வகிடு எடுத்தது போல. என் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதையே குடுத்திடுங்க. மனுஷன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் சங்கத்தில் தங்களைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே.

இருங்கள், தட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

பார்த்தேன். இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறீர்கள். தாடை உப்பியிருக்கிறது, ஆனால் இன்னும் கொப்புளம் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை வேலைக்குப் போகுமுன் மறக்காமல் மாற்றியிருக்கிறார். எங்கே விட்டேன்? ஆம், முடி. அதற்குப் பிறகு வந்தது விசிறி. நான் தூரிகையால் தட்டிக்கொண்டிருக்கையில் என் மகள் வந்து, "அப்பாவுக்கு எப்படி வேர்த்துக் கொட்டுது பாருங்க" என்று புருஷனிடம் சொல்ல, அவர் ஓடிப் போய் விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டார். பாசம்தான், நான் என்ன சொல்ல முடியும்? காகிதம் காய்ந்தது, காய்ந்த இடமெல்லாம் மை அப்பிக்கொண்டது. போதாததற்குத் தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர்கள் தங்கள் மேலுதட்டில் வரிசையாக நின்றன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கிய இடமெல்லாம் வெள்ளைக் கோடு, தாங்கள் பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காதது போல. அதற்கும் அடுத்தது சுமாராக வந்தது, உண்மையாகவே சுமாராக வந்தது. ஆனால் இந்த மை காய நாள் கணக்காகும். தூசி படக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் என் மனைவி அதன்மேல் செய்தித்தாளை மூடி, பறக்காமலிருக்க அரிசி டப்பாவை வேறு தூக்கி வைத்துவிட்டாள். உரித்தபோது பாதித் தாள் தங்கள் தாடையோடு தங்கிவிட்டது. நரைத்த தாடி, அதில் ஆங்காங்கே வானிலை அறிக்கை.

நான் மையைத் திட்டினேன், தூரிகை விற்றவனைத் திட்டினேன், மேகத்தைத் திட்டினேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பொதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளை மட்டும்தான், "விடுங்க மாமா, நாளைக்கு மறுபடி போடலாம், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று ஆறுதல் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறார். இந்தப் பொறுமை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஏது?

இனி தங்கள் மூன்றாவது ஆட்சேபணைக்கு வருகிறேன், என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது அதுதான். சம்பந்தி, எனக்கு ஆண் பிள்ளை இல்லை என்பது உண்மை. மாப்பிள்ளை வந்ததிலிருந்து வீடு கலகலப்பாக இருக்கிறது, அதுவும் உண்மை. அதற்காக ஒருவர் பெற்ற பிள்ளையைப் படம், மை, தண்ணீர் என்று சாக்குச் சொல்லி என் வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்கிற புத்தி எனக்கு என்றைக்கும் கிடையாது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நீங்கள் அதை நம்பிவிடாதீர்கள். என் மகள் உங்கள் வீட்டில் விளக்கேற்றப் போனவள். அவள் பெயர் அங்கே கெட்டுவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. 'அப்பனுக்கு ஒரு படம் முடிக்க வக்கில்லை, மகளைக் கொண்டு பையனை மடக்கிவிட்டான்' என்று உங்கள் மனதில் ஒரு நொடி பட்டால்கூட நான் தாங்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் முடியும். முடியாவிட்டாலும் இருவரையும் நானே பஸ் ஏற்றி அனுப்புகிறேன், படம் பின்னால் வரட்டும். இதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை, சொல்ல நினைத்தாலே என்னவோ போலிருக்கிறது. ஆனால் சொல்லிவிடுவேன்.

சங்கத்தாரிடம் தயவுசெய்து கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஆணி அடித்திருந்தால் அதில் காலண்டர் மாட்டி வைக்கலாம். என் மனைவி தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். என் மகள், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளும்படி தங்களுக்கு எழுதச் சொன்னாள். வயதிலும் உறவிலும் மூத்தவரான தாங்கள் அங்கிருந்தே எங்களை வாழ்த்த வேண்டும். தங்கள் உடம்பும் மனமும் என்றும் நிறைவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டு உறை தேடி அலமாரியின் மேல்தட்டைத் துழாவினேன். மாப்பிள்ளையின் பெட்டிக்கடியில் கெட்டி அட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே தாங்கள். கொப்புளம் இல்லை, தாடி இல்லை, தலையில் முடி இல்லை. கோட்டு கறுப்பாக, நெற்றி வெள்ளையாக, மை முழுசாகக் காய்ந்து, இந்த ஊரில் எவனும் போட முடியாத படம். நான் போட்டதில்லை, சத்தியமாக நான் போட்டதில்லை. நான் பென்ஷன் விஷயமாக அலுவலகத்துக்குப் போயிருந்த ஒரு மதியம், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, விசிறியை நிறுத்திவிட்டு, தங்கள் மகன் லீவு போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து போட்டிருக்கிறார், பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

பின்னாலிருந்து என் மனைவி, "ஒருவழியா கண்ணுல பட்டுதா?" என்றாள். உனக்குத் தெரியுமா என்றேன். "உங்களத் தவிர இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றாள். வெந்நீர், இரண்டாவது சொட்டு எண்ணெய், விசிறி எல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. செய்தித்தாள் மட்டும் தெரியாமல் நடந்தது என்கிறாள், அதை நான் நம்பவில்லை. மாப்பிள்ளை வேலையிலிருந்து வரும்வரை வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்தேன். வந்தவர் என் கையில் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வேணும்னேயா வெந்நீர் ஊத்தினீங்க?" என்று கேட்டேன்.

"முதல் தடவ தெரியாமத்தான் மாமா ஊத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சேதான்." தலையைக் குனிந்துகொண்டார். "படம் முடிஞ்சா கிளம்பணுமே மாமா."

"ஏன், உங்க அப்பா வீடு கசக்குதா?"

"கசக்கல. அம்மா போனதுக்கப்புறம் அங்க சத்தமே இருக்காது மாமா. அப்பா ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். சாப்பிடறப்ப தட்டுச் சத்தம் மட்டும்தான் கேக்கும். இங்க நீங்க டேய்ங்கறீங்க, தட்டை ஆட்டாதேங்கறீங்க. அப்பா என்னை டேய்னு கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு." வாசல்படியில் நின்ற என் மகள், "மாமா நல்லவருப்பா. அவருக்குப் பேச்சை எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல" என்றாள்.

 நான் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உற்றுப் பார்த்தேன், சம்பந்தி. அப்போதுதான் தெரிந்தது, தங்கள் உதட்டோரத்தில் சின்னதாக ஒரு குழி. நான் எடுத்த நெகட்டிவில் அது கிடையாது. தாங்கள் அன்று கடைசிவரை உதட்டைப் பிரிக்கவில்லை. இந்த முறையில் மையை ஓரிடத்தில் ஏற்றலாம், ஓரிடத்தில் தட்டி இறக்கலாம், போடுகிறவன் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை தூரிகை நுனியால் தட்டித் தட்டி அந்தக் குழியை வைத்திருக்கிறார். இது ஏது என்று கேட்டேன். "அப்பா சிரிச்சா அங்க குழி விழும் மாமா. சின்ன வயசுல ஒரு தடவ, அவரு வீட்டுக்குக் கொண்டுவந்த கணக்குத் தாள்ல எல்லா வரியிலயும் நான் சிவப்புப் பென்சிலால சரி போட்டுட்டேன். அடி விழும்னு கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அப்பா குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு ஒரே சிரிப்பு. அப்ப பாத்தது" என்றார். அதை நினைவு வைத்துக்கொண்டு அந்த மதியம் முழுக்கத் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே படத்தை அனுப்பப் போவதில்லை. அவர்களையும் பஸ் ஏற்றப் போவதில்லை. தாங்களே கிளம்பி வாருங்கள், மாற்றுத் துணியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு. வந்ததும் எப்போது கிளம்புகிறீர்கள் என்று அவர்களைக் கேட்காதீர்கள். நேராகப் பின்பக்க அறைக்கு வந்து கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், தட்டில் இன்னொரு காகிதம் ஊறிக்கொண்டிருக்கும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு இதை எழுதிவிடாதீர்கள் என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவர் கேட்டால், தாங்களாகவே வந்ததாகச் சொல்லுங்கள்.